மாஸ்டரின் பனியன்

காசிமேட்டில் குத்தும் உதையும் மல்யுத்தமும் சேர்ந்த கலப்புச் சண்டை கற்றுத்தரும் ஜிம் ஒன்றில் துணி துவைப்பவள் லூர்து. அன்றைக்கு, உலகத்திலேயே பெரிய சண்டைக்காரன் ரஷ்யாக்காரனா பிரேசில்காரனா என்று பையன்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தன் பெயர் அடிபடவில்லையே என்று மாஸ்டர் தனசிங்குக்குப் பொறுக்கவில்லை.

“லூர்து, நீ சொல்லும்மா. என் பேரைச் சொல்லலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

“மாதா மேல சத்தியமா உண்மையைத்தான் சொல்லணும்க்கா” என்றார்கள் பையன்கள்.

லூர்து கையைத் துடைத்துக்கொண்டாள். “சத்தியமா மாஸ்டர்தான். உங்க பனியனெல்லாம் ரத்தமும் வேர்வையுமா நாறுது. மாஸ்டர் பனியனை நாலு வருஷமா துவைக்கிறேன், ஒரு சொட்டு வேர்வை பார்த்ததில்ல. வேர்க்காமலே ஜெயிக்கிற ஆளு உலகத்துல வேற யாரு?”

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் மாஸ்டரின் பனியன் சொட்டச் சொட்ட நனைந்து துவைக்க வந்தது. லூர்து முகர்ந்து பார்த்தாள். சுத்தமான குழாய்த் தண்ணீர்.