கப்பலுக்குப் பின்னால் போன தோணி

கடலோரக் காட்டில் வல்லி என்ற நீர்நாயும் தாண்டவன் என்ற குரங்கும் இருந்தன. ஒருநாள் எதிரே இருந்த தீவில் கல்யாண விருந்து. இரண்டும் ஒரு சின்னத் தோணியில் கிளம்பின.

பாதிக் கடலில் காற்று வலுத்தது. அலை தோணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த நேரம் பார்த்து, மரம் ஏற்றிக்கொண்டு யானைகள் ஓட்டிவந்த பெரிய கப்பல் ஒன்று குறுக்கே வந்தது.

“அக்கா, வேகமாகத் துடுப்புப் போடு! கப்பலுக்கு முன்னால் புகுந்து போய்விடலாம். இல்லாவிட்டால் பாயசம் தீர்ந்துவிடும்!” என்று குதித்தது தாண்டவன்.

“வேண்டாம்டா! அது நினைத்த இடத்தில் நிற்காது. கிட்டே போய்விட்டால் மேலே இருப்பவர்களுக்கு நாம் தெரியவும் மாட்டோம்” என்றது வல்லி.

“நான் கத்தினால் காடே அதிரும்! யானைக்குக் கேட்காதா?”

தாண்டவன் எழுந்து நின்று, “ஏய் யானைகளே, நிறுத்துங்கள்!” என்று கத்தியது. காற்று அந்தச் சத்தத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. கப்பலோ மலை நகர்வதுபோல் வந்துகொண்டே இருந்தது. தோணி ஆடிய ஆட்டத்தில் தாண்டவன் தொப்பென்று விழுந்தது.

வல்லி துடுப்பை விடவில்லை.

“எழுந்திருக்காதே! நடுவில் உட்கார்ந்து, உள்ளே வந்த தண்ணீரை இறை!”

சொல்லிக்கொண்டே தோணியைக் கப்பலின் பின்பக்கம் பார்த்துத் திருப்பியது. தாண்டவன் தேங்காய்ச் சிரட்டையால் இறைத்தது. கப்பல் கடந்து போனது.

அது கிளப்பிவிட்ட அலைகள் உருண்டு வந்தன. வல்லி தோணியின் முகப்பை அவற்றுக்கு நேராகப் பிடித்தது. தோணி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது!

“அக்கா, ஊஞ்சல் மாதிரி இருக்கிறதே!” என்று தாண்டவன் கைதட்டியது.

கப்பலின் பின்பக்கம் நின்ற யானை அப்போதுதான் கீழே பார்த்தது. “அடடே, தோணியா! முன்னால் வந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டே இருக்கமாட்டீர்கள்!” என்று பிளிறியது.

நனைந்த கோலத்தில் இரண்டும் தீவில் இறங்கின.

“பாயசம் தீர்ந்துவிட்டதா?” என்று தாண்டவன் ஓடிப்போய்க் கேட்டது.

“இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லையே!” என்றது சமையல்காரக் கொக்கு. “மாப்பிள்ளையும் ஆமை, பெண்ணும் ஆமை. பந்தலுக்கு இப்போதுதான் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள்!”

வல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தாண்டவனும் சேர்ந்து சிரித்தது.

பெரியது வரும் வழியில் முந்தப் பார்க்காமல், சற்றுப் பொறுத்துப் போகிறவரே பத்திரமாகப் போய்ச் சேர்வார்.