வாத்தியார் அடைத்த வானம்

குளக்கரைக் கருவேல மரத்தடியில் ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அதன் வாத்தியார் நாரழகன் என்னும் தூக்கணாங்குருவி. கூடு பின்னுவதில் அவரை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. அவரே சொல்லித்தான் இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவள் சிப்போரா என்ற கொண்டலாத்திக் குஞ்சு. யூதக் குடும்பம். பறவைகளில் யூதர் உண்டா என்று கேட்பவர்கள், பறவைகளில் வாத்தியார் உண்டா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். சிப்போரா என்றால் எபிரேய மொழியில் பறவை என்று பொருள். குழந்தை வேறு எதுவாகவும் ஆகிவிடக் கூடாது என்று பெற்றோர் எண்ணியிருக்கலாம்.

சிப்போரா வகுப்பில் வாயே திறக்கவில்லை. பாடச் சொன்னால் கொண்டையை விரிப்பாள். பெயரைக் கேட்டால் மடக்குவாள். ஓயாமல் பேசும் நாரழகனுக்கு இது பெரிய மனக்குறை.

ஒவ்வொரு வீட்டுப் பண்டிகையையும் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கொண்டாடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். யூதர்களின் கூடாரப் பண்டிகை வந்தது. நாரழகன் சிப்போராவின் தாய் மிரியத்தை வகுப்புக்கு அழைத்து விவரம் கேட்டார். வெளியில் ஒரு குடில் போட வேண்டும், இலைதழைகளால் கூரை வேய வேண்டும், அதற்குள் அமர்ந்து சாப்பிட வேண்டும் என்றாள் மிரியம். கூரை நெருக்கமாக இருக்கக் கூடாது, இடையிடையே வானம் தெரிய வேண்டும் என்றும் சொன்னாள்.

அப்போது தாயின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது.

"உள்ளே உட்கார்ந்துகிட்டே நட்சத்திரம் பார்க்கலாம்," என்றாள் சிப்போரா.

வகுப்பே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது. தொங்கன் என்ற குரங்குக் குட்டி மட்டும் நம்பவில்லை. கூரைக்குள்ளிருந்து நட்சத்திரமா, சும்மா அளக்காதே என்றான். சாயங்காலம் வந்து பார் என்றாள் சிப்போரா. நட்சத்திரம் தெரியாவிட்டால் இனிமேல் பள்ளிக்கே வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். பேசத் தொடங்கியவள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள்.

மிரியமும் குழந்தைகளும் சேர்ந்து குடில் கட்டினார்கள். கூரையில் பனையோலையைப் பரப்பினார்கள். இலந்தைப் பழத் தோரணம் தொங்கவிட்டார்கள். யானைக்குட்டி தோரணத்தைத் தின்றது. மறுபடியும் தொங்கவிட்டார்கள். அது மறுபடியும் தின்றது. மதியம் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

நாரழகன் தனியே குடிலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். கூரை முழுக்கச் சந்து.

பாவம் என்று நினைத்தார். கொண்டலாத்திகளுக்குக் கூடு பின்னத் தெரியாது, மரப்பொந்தில் குடியிருப்பார்கள், பொந்தின் நாற்றம் பக்கத்து மரம் வரைக்கும் வீசும். இதெல்லாம் காடறிந்த சேதி. கூரை வேயத் தெரியாது என்பதை அந்த அம்மாள் எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள்! வானம் தெரிய வேண்டுமாம். ஓட்டைக் கூரையைக் கேட்டு வாங்கியவர் யாரையும் நாரழகன் கண்டதில்லை. ஆகவே மிரியம் சொன்னது அவர் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

கிழக்கே ஒரு மேகமும் திரண்டிருந்தது. குழந்தையின் பண்டிகை நனையலாமா? நாரைக் கிழித்தார், புல்லைக் கொண்டுவந்தார், பின்னினார். அந்தி சாய்வதற்குள் சந்தெல்லாம் அடைபட்டுவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்குவதென்றாலும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும், அப்படி ஒரு வேலை.

இருட்டத் தொடங்கியது. மேகம் வேறு காட்டுக்குப் போய்விட்டிருந்தது. குழந்தைகள் பலகாரங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். சிப்போரா அண்ணாந்து பார்த்தாள். ஒரு மூலைக்குப் போய்ப் பார்த்தாள். இன்னொரு மூலைக்குப் போனாள். அலகால் கூரையைத் தட்டினாள்.

நாரழகனுக்கு இந்தச் சோதனை பழக்கம்தான். பெண்குருவிகள் பலர் அவர் கூட்டைச் சுற்றிப் பார்த்து, அங்கே ஓட்டை, இங்கே ஓட்டை என்று சொல்லிப் பறந்துபோயிருக்கிறார்கள். ஓட்டை இல்லாத குற்றத்துக்காக ஒரு கூடு தள்ளுபடியாகும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"எங்கே நட்சத்திரம்?" என்றான் தொங்கன்.

சிப்போராவின் கொண்டை மடங்கியது. அவள் தாயின் இறக்கைக்குள் போய்விட்டாள்.

நாரழகன் இதைக் கவனிக்காமல் மிரியத்திடம் பெருமையோடு சொன்னார்: "சொல்லக் கூச்சப்பட்டீங்க, நானே புரிஞ்சுகிட்டேன். கூரையைச் சரி பண்ணிட்டேன்மா."

மிரியம் மெதுவாகச் சொன்னாள்: "சார், எங்க முன்னோர் வீடு வாசல் இல்லாம பாலைவனத்துல அலைஞ்சாங்க. அதை மறக்கக் கூடாதுன்னுதான் நல்ல பொந்தை விட்டுட்டு இதுல வந்து உட்கார்றோம். நீங்க கட்டினது அருமையான வீடு. வீடு எங்ககிட்ட இருக்கு, சார்."

நாரழகன் இறக்கைக்குள் ஒளிந்திருந்த குஞ்சைப் பார்த்தார். இனி அது பள்ளிக்கு வராது. அவர் கூரைமேல் பறந்துபோய் ஒரு முடிச்சை இழுத்தார். அவிழவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் அவிழவில்லை. தம் முடிச்சு அவிழவே அவிழாது என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அது உண்மை என்று அன்றுதான் அவருக்கே உறுதியாயிற்று.

கூட்டைப் பிய்ப்பதில் தேர்ந்த கைகள் அங்கே ஒருவனுக்குத்தான் இருந்தன. குரங்குகளுக்கும் தூக்கணாங்குருவிகளுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தகராறே இந்த விஷயத்தில்தான். நாரழகன் கூரைமேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டேய் தொங்கா, மேலே வா. இந்தக் கூரையைக் கொஞ்சம் பிய்ச்சு விடு."

தொங்கன் அசையவில்லை. "பிய்ச்சா திட்டுவீங்க, சார்."

"திட்ட மாட்டேன்."

"எங்கப்பாகிட்ட சொல்லிடுவீங்க."

"நான்தானேடா கேக்கறேன். பிய்."

தொங்கன் பிய்த்தான். அவன் பிடுங்கும்போதெல்லாம் நாரழகன் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் கேட்டுச் சிப்போரா வெளியே வந்தாள். முழுக்கப் பிய்க்காதே, நிழலும் வேண்டும், வானமும் வேண்டும் என்று கீழிருந்து அதிகாரம் செய்தாள். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்றாள். இந்தப் பக்கம் போதும் என்றாள். தொங்கன் கீழே குதித்து அண்ணாந்து பார்த்தான்.

"தெரியுதுடி," என்று ஒப்புக்கொண்டான்.

அதற்குப் பிறகு சிப்போரா நிறுத்தவே இல்லை. பாலைவனம், முன்னோர், பலகாரம், எதை எப்படிச் செய்வது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போனாள். நாரழகனுக்கு நடுவில் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை. அவர் கிண்ணத்தில் மட்டும் மேலிருந்து ஒரு காய்ந்த இலை வந்து விழுந்தது. அவர் சட்டென்று எழுந்து ஒரு நாரை அலகில் எடுத்தார்.

"சார்," என்றாள் சிப்போரா.

வாத்தியார் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வீட்டுப் பண்டிகையில் நமக்குக் குறையாகத் தெரிவதைச் சரிசெய்யக் கிளம்புமுன், அந்தக் குறைதான் பண்டிகையோ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.