மொட்டப்பாறை ஸ்டேஷன் தலைவனைப் பிடித்த கதை

மொட்டப்பாறை போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு பொன்னுரங்கம், காவலர்கள் சங்கிலி, மாசாணம் என்று மூன்று பேர். மூவருமே மேலதிகாரி சொல்லைத் தட்டாதவர்கள். சிக்கலே அதுதான்.

ஊரில் ஆடு திருடும் கும்பல் ஒன்று மினி வேன் வைத்துத் தொழில் நடத்தியது. எஸ்.பி. போனில் கத்தினார்: "சில்லறை ஆளுங்களைத் தொடாதீங்க. தலைவனை மட்டும் பிடிங்க. ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது அவன் கம்பிக்குப் பின்னால நிக்கணும். இல்லேன்னா ஸ்டேஷனையே மூடிடுவேன்!"

தலைவன் மலையாண்டி டீக்கடையில்தான் இருந்தான். கூப்பிட்டதும் வந்துவிட்டான். இதுவரை யாரும் கூப்பிடவில்லையாம்.

மறுநாளும் ஆடுகள் காணாமல் போயின.

"நீதான் உள்ள இருக்கியே, இப்ப யாருடா தலைவன்?" என்றார் ஏட்டு.

"மச்சான் சுடலை பாத்துக்கறான், ஏட்டய்யா."

"அப்ப நீ தலைவன் இல்லே?"

"இப்போதைக்கு இல்லீங்க."

"தலைவன் இல்லாதவனைத் தொட்டுட்டோமேய்யா! சங்கிலி, கதவைத் திற!"

மலையாண்டி வெளியே போனான், சுடலை உள்ளே வந்தான். மலையாண்டி மறுபடி தலைவனானான். சுடலை வெளியே, மலையாண்டி உள்ளே. வெள்ளிக்கிழமைக்குள் இருவருமே லாக்கப்பில் ஆளுக்கொரு சோப்பும் துண்டும் வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை உள்ளே இருந்தவனும் வெளியே இருந்தவனும் சேர்ந்து கும்பிட்டார்கள். "அலைய முடியலீங்க. இனிமே எங்களுக்குத் தலைவரே வேண்டாம்."

ஏட்டு ஆடிப்போனார். "நாளைக்கு எஸ்.பி. வர்றாரே! நம்ம ஸ்டேஷன் போச்சேய்யா!"

மாசாணம் நெடுநேரம் யோசித்தான். "நம்மள்ல ஒருத்தர் தலைவரானா என்ன?"

"சீனியர் நம்ம ஏட்டய்யாதான்," என்றான் சங்கிலி.

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். கும்பலுக்கும் ஆட்சேபணை இல்லை. மலையாண்டியே மாலை போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. வந்தார். லாக்கப்புக்குள்ளிருந்து ஏட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"என்னய்யா இது?"

"கும்பல் தலைவர், ஐயா," என்றான் சங்கிலி. "நேத்துதான் பொறுப்பேத்துக்கிட்டார்."

"முதல்ல அந்த ஆளை வெளிய விடுங்கய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டு எஸ்.பி. ஜீப்பில் ஏறிவிட்டார்.

காவலர்கள் இருவரும் திகைத்தார்கள்.

"கம்பிக்குப் பின்னால நிக்கணும்னதும் அவர்தான்."

"வெளிய விடுன்னதும் அவர்தான்."

"ரெண்டுமே உத்தரவு."

கொஞ்ச நேரம் உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு சங்கிலியும் மாசாணமும் லாக்கப் கதவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அதன் கம்பியைப் பிடித்தபடி பின்னாலேயே ஏட்டு வந்தார். கனம் தாங்காமல் அவர்கள் தள்ளாட, மலையாண்டியும் ஒரு கை கொடுத்தான்.

டீக்கடையில் கிளாஸ் கம்பி இடுக்கில் நுழையவில்லை. கடைக்காரர், "சுத்தி இந்தப் பக்கம் வந்து குடிங்களேன், ஏட்டய்யா," என்றார்.

ஏட்டு பதறிவிட்டார். "தப்பிச்சு ஓடச் சொல்றியா? சாஸர்ல ஊத்துய்யா!"