பெட்டியில் இருந்த படகு

ஓர் அட்டைப்பெட்டியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். நீலப் பெட்டி. முன்பக்கத்தில் கடல், ஒரு படகு, படகில் முகம் தெரியாமல் நிற்கும் ஒரு மனிதன், மேலே 'நம்ம கடல், நம்ம குழந்தை' என்ற வாசகம். பின்பக்கத்தின் அடியில், எறும்பு வரிசைபோல ஒரே வரி: 'குளத்தில் வளர்த்த மீன், இறக்குமதி'. முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பின்பக்கத்தை அநேகமாக யாரும் படிப்பதில்லை. விடை சொல்லப் போகிறவர் இரண்டையும் மறக்கக் கூடாது.

உள்ளே இருப்பது விரல் நீளத்துக்கு வெட்டி, ரொட்டித்தூள் பூசி, உறைய வைத்த மீன். கிருபாகரன் என்பவர் அதைத் தென்மாவட்டங்களில் விற்கும் பொறுப்பில் இருந்தார். வாசகமும் படமும் அவர் யோசனை. குழந்தைகளை மீனிடமிருந்து விரட்டுவது அதன் கண்ணும் முள்ளும்தான் என்பது அவர் கணிப்பு; வீட்டில் அவருடைய மகளே தட்டிலுள்ள மீனின் கண்ணைச் சோற்றால் மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். ஆகவே கடைகளில் ருசி பார்க்கப் பொரித்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார். முதலில் குழந்தையின் கையில் கொடு. அது இரண்டாவது கேட்கும்வரை மீன் என்று சொல்லாதே. கேட்ட பிறகு தாயிடம் 'நம்ம கடல் மீன்' என்று சொல்.

நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் அப்படிப் பொரித்துக் கொடுத்தவள் மெர்லின். வாய்த்துடுக்கானவள். முள்ளில்லாத இதெல்லாம் ஒரு மீனா என்று கேட்ட ஒருவரிடம், "முள்ளு வேணும்னா தனியா பொட்டலம் கட்டித் தாரேன் அண்ணாச்சி" என்றவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேற்பார்வைக்காகக் கிருபாகரனும் வந்து நின்றிருந்தார். அப்போது பிரகாசி தன் ஐந்து வயது மகள் ரெனிஷாவுடன் அந்தப் பக்கம் வந்தாள். பிரகாசியின் கணவன் பெர்க்மான்ஸ் பத்து மாதத்துக்கு முன் கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கியவன். உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அவன் கிடைக்கும்வரை அந்தக் கடலின் மீன் தன் வீட்டுக்குள் வராது என்று பிரகாசி சொல்லியிருந்தாள். அவர் கிடக்கிற தண்ணீரில் பிடித்ததை எப்படிச் சமைப்பேன் என்று உறவினர்களிடம் கேட்டாள். கரையை விட்டு நகரத்துக்கு வந்து, தையல் கடையில் வேலை பார்த்தாள். ரெனிஷாவோ அன்றிலிருந்து சாப்பாட்டையே மறந்தவள்போல் ஆகிவிட்டாள். கஞ்சி ஊட்டினால் இரண்டு வாய். தானாக எதையும் கேட்டதில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மெர்லின் குழந்தையின் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள். ரெனிஷா அதை முகர்ந்தாள். கடித்தாள். முழுவதும் தின்றாள்.

"இன்னொண்ணு," என்றாள்.

பத்து மாதத்தில் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்ட பிரகாசி, இது என்ன, உருளைக்கிழங்கா என்று கண் கலங்கக் கேட்டாள். அதற்குள் இரண்டாவது துண்டு குழந்தையின் வாயில் இருந்தது. மெர்லின் பழக்கத்தில் சொன்னாள்: "நம்ம கடல் மீன்தான் அக்கா."

பிரகாசி மகளின் வாய்க்குள் விரலை விட்டு, மென்றதைத் தோண்டி எடுத்தாள். குழந்தை அழவில்லை.

"அப்பா மணம் வந்துதும்மா," என்றது.

"அவரு கிடக்கிற கடலு மீனையா பிள்ளைக்குக் குடுத்த?" என்று கேட்டு, எடுத்த சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பிரகாசி வெளியேறினாள். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்பதுபோல் மெர்லின் கிருபாகரனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அரை மணி நேரம் அவள் கை பொரித்துக்கொண்டிருந்தது. கண் வாசலில் இருந்தது. பிறகு அடுப்பை அணைத்து, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். ரெனிஷா தாயின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மெர்லின் பெட்டியைத் திருப்பி, அடியிலிருந்த வரியில் விரலை வைத்து, தாயின் காதருகே குனிந்து சொன்னாள்:

"இது நம்ம கடலு இல்லக்கா. ஏதோ தேசத்துக் குளம். கடலையே பாத்தது கிடையாது. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் திரும்பி வந்தபோது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் கிருபாகரன்.

அதன்பின் நீலப் பெட்டி பிரகாசியின் வீட்டுக்குள் வந்தது. ரெனிஷா சாப்பிட்டாள். கன்னம் தெளிந்தது. ஒவ்வொரு முறையும் படகில் நிற்பவனைத் தொட்டு, "அப்பா அனுப்பினதா?" என்பாள். "ஆமா மக்கா" என்பாள் தாய். குளத்து மீன் என்று நன்றாகத் தெரிந்தும், அது எண்ணெயில் பொரியும்போது பிரகாசியும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

கிருபாகரனுக்கு அந்த விரல் மறக்கவில்லை. தன் மகள் மீனின் கண்ணைச் சோற்றால் மூடும்போதெல்லாம், வேறொரு குழந்தையின் வாய்க்குள் அந்த விரல் போவது தெரிந்தது. மேலிடத்துடன் மூன்று மாதம் மல்லுக்கட்டிப் பெட்டியை மாற்றினார். படகு போயிற்று. முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'குளத்து மீன்' என்று வந்தது. மெர்லினை அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

புதிய பெட்டியைப் பார்த்த ரெனிஷா, "இதுல அப்பா இல்ல" என்று வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாள் ஒன்றும் இறங்கவில்லை. நான்காம் நாள், கட்டிலுக்கடியில் போட்டிருந்த பழைய பெட்டியைப் பிரகாசி தேடி எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பெட்டிக்குள் புதிய துண்டுகளை இட்டு, மகளின் முன்னால் வைத்தாள். குழந்தை சாப்பிட்டது.

கிருபாகரன் ஊருக்கெல்லாம் உண்மையைச் சொன்னார். மெர்லின் ஒருத்தியின் காதில் சொன்னாள். பிரகாசி உண்மை தெரிந்தே பொய்யை எடுத்து வைத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: மெர்லின் செய்ததே சரி. தன் வாயால் சொன்ன பொய்யைத் தன் வேலையைக் கொடுத்துத் திருத்தினாள். அதையும், கேட்க வேண்டியவள் கேட்கவும் கேட்கக் கூடாதவள் தூங்கவும் பார்த்துச் சொன்னாள். கிருபாகரன் சொன்னதும் உண்மைதான். ஆனால் அது அவருடைய நிம்மதிக்காகப் பிறந்தது. அதற்காகப் பட்டினி கிடந்தது ரெனிஷா. பிரகாசி செய்தது சரியா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உரிமையுள்ளவள் இந்த ஜூனில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் சாப்பிட்டு முடித்தபின் அவள் பழைய பெட்டியைத் திருப்பினாள். எறும்பு வரிசையின் முதல் எழுத்தில் விரலை வைத்து, "கு" என்றாள். பிரகாசி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.