காக்காய்க் கடி கடித்த அண்ணன்

கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சை ஒரு கமர்கட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டுக் கடித்தால் பல்தான் போகும்.

அரக்கோணம் ரயில்வே காலனியில் சூசைராஜ், பிலோமினா என்று ஓர் அண்ணனும் தங்கையும் வளர்ந்தார்கள். அப்பா டூட்டி முடிந்து வரும்போது இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கமர்கட்டு வாங்கி வருவார். பல் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. சூசைராஜ் சுத்தக்காரன். சட்டை நுனியில் கமர்கட்டைப் பொதிந்து, எச்சில் படாமல் காக்காய்க் கடி கடித்துத்தான் பங்கு கொடுப்பான். பிலோமினாவுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. காலனியில் எந்தப் பிள்ளை குச்சி ஐஸை நீட்டினாலும் ஒரு நக்கு நக்கிவிட்டுத்தான் திருப்பித் தருவாள். "நாய்க்குட்டி!" என்று அண்ணன் திட்டுவான். அந்தத் திட்டும் அந்த வெல்ல வாசனையும் சூசைராஜுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஐம்பதை நெருங்கும்போது பிலோமினாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. உறவில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் புது ரத்தத்தை ஊறவைக்கச் சூசைராஜின் ஸ்டெம் செல் மட்டும்தான் பொருந்தியது. சென்னை மருத்துவமனையில் இருவர் ரத்தத்தையும் அலசிப் பார்த்த டாக்டரம்மா ஒரு சேதி சொன்னார்.

"உங்க தங்கச்சி ரத்தத்துல ஒரு வைரஸோட பழைய தடயம் இருக்கு. சின்ன வயசுலயே வந்திருக்கும். உங்களுக்கு அது இல்ல. அதனால செல் கொடுத்த பிறகு வாரா வாரம் அவங்க ரத்தத்தைப் பாக்கணும்."

இதில் 'உங்களுக்கு இல்ல' என்பது மட்டும்தான் சூசைராஜின் காதில் விழுந்தது. சுத்தமாக இருந்ததற்குப் பலன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம்கூட வந்தது.

பிலோமினாவின் பழைய ரத்தம் போய், அண்ணன் தந்த ரத்தம் அவள் உடம்பில் ஊறத் தொடங்கியது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வாரச் சோதனையில் அந்த வைரஸ் பெருகுவது தெரிந்தது. அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை. ஆனாலும் டாக்டரம்மா உடனே மருந்தை ஏற்றினார். "இந்த மருந்தால ரத்த அணு ரொம்பக் குறைஞ்சா அண்ணன்கிட்ட மறுபடி செல் கேக்க வேண்டியிருக்கும்" என்றும் சொல்லிவைத்தார்.

அவர் வெளியே போனதும் பிலோமினாவின் கணவன் அமல்தாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "என் தப்பு மச்சான். கமர்கட்டு வேணும்னு ஏங்குனாளேன்னு திருட்டுத்தனமா வாங்கிக் கொடுத்தேன். வெளித் தீனியே ஆகாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"கேட்டது நான்தானே? எனக்கு நாக்கைக் கட்டத் தெரியல" என்றாள் பிலோமினா.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. அவ உடம்புல ஓடுறது என் ரத்தம். என்கிட்டேருந்துதான் வந்திருக்கு. இனிமே என்கிட்ட ஒரு சொட்டுகூடக் கேக்காதீங்க மாப்ளே, நானே அவளைக் கொன்னுடுவேன்" என்று சூசைராஜ் பையைத் தூக்கிக்கொண்டு அரக்கோணம் ரயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

பழியை அடுத்தவர் தலையில் கட்டுகிற உலகத்தில் அதைத் தங்கள் தலைக்கே கேட்டு அடித்துக்கொண்ட மூன்று பேர் இவர்கள். சொல்லுங்கள், அந்த வைரஸ் யாரால் வந்தது? சூசைராஜ் ரயில் ஏறுவது சரியா?

விடை இதுதான். மூவராலும் வரவில்லை. அறை வாசலிலேயே சூசைராஜை மறித்து டாக்டரம்மா விளக்கினார். அந்த வைரஸ் குழந்தைகளுக்கு எச்சில் வழியாக ஒட்டுவது. ஒருமுறை வந்தால் போகாது, உடம்புக்குள்ளேயே தூங்கிக் கிடக்கும். பிலோமினாவுக்குக் காலனிக் குச்சி ஐஸில் வந்திருக்கலாம். அவளுடைய சொந்த ரத்தம் அதன் முகம் தெரிந்து அடக்கி வைத்திருந்தது. புது ரத்தமோ துணி போட்டுக் கடித்தவனின் ரத்தம், அது அந்த வைரஸைப் பார்த்ததே இல்லை. ஊருக்குப் புதிதாய் வந்த காவல்காரனுக்கு உள்ளூர்த் திருடனைத் தெரியுமா? அதனால்தான் தூங்கியது எழுந்துகொண்டது. நல்லவேளை, உடம்பைத் தொடுமுன் சோதனை அதைப் பிடித்துவிட்டது. காவல்காரனுக்கு முகம் பழகும்வரை மருந்து காவல் நிற்கும். மறுபடி ஆள் தேவைப்பட்டால் அனுப்ப வேண்டிய அண்ணன் ஊருக்கு ஓடுவதுதான் தவறு. இதைக் கேட்ட பிலோமினா முகமூடிக்குள் சிரித்தாள். "அண்ணே, அன்னைக்கே நான் கடிச்ச கமர்கட்டைத் துணி போடாம ஒரு கடி கடிச்சிருக்கலாம்ல?" சூசைராஜ் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். "நீ தேறி வீட்டுக்கு வா, நாய்க்குட்டி. துணியில்லாமலே கடிக்கிறேன்."