ஆட்டை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை

மேற்கு ஆப்பிரிக்காவில், இக்போ நாட்டில் ஓர் ஊர். அங்கே ராஜா கிடையாது, இருந்ததும் கிடையாது. இதை ஓச்சோலிக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை.

அவன் வடக்கே இகாலா ராஜ்ஜியத்துக்காரன். நாற்பது வயது. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மகளையாவது காப்பாற்ற வேண்டுமென்று மருந்து கற்க வந்தவன். அவனுடைய குரு உரென்மா, மூலிகை வைத்தியம் பார்ப்பவள். அவனைவிடப் பத்து வயது சின்னவள்.

ஒரு நாள் கஷாயம் காய்ச்சிய அடுப்பை அணைக்காமல் போய்விட்டான். காற்றில் பொறி பறந்து, பக்கத்து வீட்டு எஜியாக்கு கிழங்கு சேமித்து வைத்திருந்த பந்தல் எரிந்துபோனது. அவள் வீட்டுக்கு அது ஒரு வருஷச் சாப்பாடு. நாலாம் நாள் ஊர் கூடும், இவனை வைத்துக்கொள்வதா துரத்துவதா என்று முடிவாகும் என்றார்கள்.

ஓச்சோலி என்ன செய்தான்? தன் ஊர் வழக்கப்படி செய்தான். ஊரிலேயே மூத்தவரான நாதோசியே வீட்டுக்குப் போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, ஒரு நல்ல துணியை அவர் காலடியில் வைத்தான்.

கிழவர் வெலவெலத்துப் போனார். "எழுந்திருப்பா. யாராவது பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கூட்டத்தன்று அந்தத் துணியை ஊர் கூடும் மந்தை நடுவில் விரித்துப் போட்டார். "இதை எனக்கு மட்டும் கொண்டுவந்து கொடுத்தான்" என்றார்.

போச்சு. அதுவரை பரிதாபப்பட்டவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுப்பை மறந்ததையாவது பொறுக்கலாம், ஒருத்தரைத் தனியாகப் பிடித்தானே என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தர் சொன்னா போதும்" என்றான் ஓச்சோலி. அழுதுவிட்டான். "எல்லாரையும் கேக்கணும்னு எனக்குத் தெரியாது. இப்ப கேக்கறேன். மருந்தை முழுசாக் கத்துக்காமப் போனா என் மகளும் போயிடுவா."

பேசினார்கள், பேசினார்கள், சாப்பிடக்கூடப் போகாமல் பொழுது சாயும்வரை பேசினார்கள். ஆணோ பெண்ணோ, யார் வேண்டுமானாலும் எழுந்தார்கள். எஜியாக்கு மட்டும் மசியவில்லை. அவள் ஒப்பாமல் ஊர் முடிவு சொல்லாது. கடைசியில் அவளே எழுந்தாள்.

"துரத்தினா என் கிழங்கு திரும்பி வருமா? இருக்கட்டும். வர்ற பருவத்துக்கு என் நிலத்துல அவனே நடட்டும்."

சரி என்றது ஊர். ஒருவர் எழுந்து முடிவை உரக்க அறிவித்தார்.

ஓச்சோலிக்கு நன்றி மனசு கொள்ளவில்லை. மறுநாளே சந்தையில் ஓர் ஆடு பிடித்துவந்தான். யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும்.

நாதோசியே சிரித்தார். "கூட்டம் தொடங்கறப்ப வழக்கம்போல நான் கோலாக் கொட்டையை எடுத்து முன்னோர்களை வேண்டிக்கிட்டேன், அவ்வளவுதான். நேத்து உன்னைத் துரத்தணும்னு பேசினவனே நான்தானே?"

முடிவை அறிவித்தவர், "ஊர் சொன்னதை உரக்கச் சொன்னேன். தொண்டைக்கு ஒரு ஆடா?" என்றார்.

எஜியாக்கு கயிற்றைத் தொடக்கூட இல்லை. "நான் எங்கே ஒத்துக்கிட்டேன்? என் ஓரகத்தி காதைக் கடிச்சா, எழுந்தேன்."

ஓரகத்தி சொன்னாள்: "நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். மகளைப் பத்தி நீங்க சொன்னதும் எனக்கு முன்னாடி இருந்தவங்க கண்ணைத் துடைச்சாங்க. அப்புறம்தான் எனக்கே மனசு கேக்கலை."

முன்னால் இருந்தது யாரென்று அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் ஆட்டை இழுத்துக்கொண்டு குருவிடம் வந்தான். உரென்மா வேர் இடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் வாங்கலை அம்மா. என் குடும்பத்துக்கே உயிர் கொடுத்த மாதிரி இருக்கு. கொடுத்தது யாருன்னு தெரியலை. நீங்களாவது சொல்லுங்க, அவங்க கால்ல விழறேன்."

"ஆட்டை அறுத்து ஊருக்கே பங்கு வச்சிடுங்க."

"அது ஒரு வேளைச் சாப்பாடு. தின்னா தீர்ந்துபோகும். என் நன்றி தீராது. அதை எங்கே கொண்டுபோய் வைக்க?"

உரென்மா உலக்கையை நிறுத்தினாள்.

"அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் வந்து உக்காருங்க. அன்னிக்கு நடுவுல வேற யாராவது நின்னு அழுவாங்க. பசிக்குதுன்னு பாதியில எழுந்து போயிடாதீங்க."