சர்க்கரை போடாத வர்க்கி

ஒரு தட்டு வர்க்கியைச் சுட்டது மூன்று பேர். பரிசு ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பீர்கள்? கையில் வேலை இருந்தால் செய்துகொண்டே கேளுங்கள். காது மட்டும் இங்கே இருக்கட்டும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் லைன் வீடுகளில் அடுத்தடுத்து மூன்று பெண்கள். மூத்தவள் செண்பகம். அவள் மாவைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, மடித்து, மறுபடி தேய்த்துப் போடுகிற வர்க்கி, கடித்தால் அடுக்கடுக்காகப் பிரியும். நடு வீட்டு ராசாத்தி அடுப்புக்காரி. பெரிய சட்டியில் மணல் பரப்பி, தட்டை உள்ளே இறக்கி, மூடிமேல் தணல் போட்டு, கடிகாரம் பார்க்காமலே பதமாகச் சுட்டெடுப்பாள். கடைசி வீட்டில் தவமணி. எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. நாலு பேர் எதிரில் பேச வராது அவளுக்கு.

பால்வாடி ஆண்டு விழாவில் பலகாரப் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு கரண்ட் ஓவன். ஓவனைப் பரிசாக வாங்குகிறவர் இனி வாராவாரம் பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் சுட்டுத் தர வேண்டும். அதற்குக் கூலியும் உண்டு.

"பிள்ளைங்க வாயில போறது. பொறுப்பு ஒருத்தர் தலையிலதான் இருக்கணும்" என்று போட்டிக்கு நடுவரான பால்வாடி ஹெலன் டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

தவமணி அடுத்த மாதம் கொழுந்து பறிக்கத் திரும்ப வேண்டியவள். அவள் பிள்ளை இன்னும் புட்டிப்பால் தொடாத பிள்ளை. ஓவன் வீட்டுக்கு வந்தால் அவள் வேலையும் வீட்டில், பிள்ளையும் மடியில். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தனித்தனியாகச் செய்ய வெண்ணெய் போதாது என்று மூவரும் சேர்ந்து ஒரே தட்டு வைத்தார்கள். "ஓவன் யாருக்குன்னு ஜெயிச்சப்புறம் அடிச்சுக்கலாம்" என்றாள் ராசாத்தி.

விழாவன்று காலை. செண்பகம் சர்க்கரையைத் தம்ளரில் அளந்து வைத்துவிட்டு, ஒரு கட்டளையும் போட்டாள். "சாமிக்குப் படைக்கிற மாதிரிதான் இதுவும். தட்டு அங்க போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயில வெக்கக் கூடாது."

தவமணி மாவில் உப்பைப் போட்டாள். தொட்டிலில் பிள்ளை அழுதது. ஓடிப்போய் அமர்த்திவிட்டு வந்து, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். செண்பகம் மடித்துத் தேய்த்தாள். ராசாத்தி சட்டியில் இறக்கினாள்.

சிவக்க வேண்டிய நேரம் ஆனது. ராசாத்தி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வர்க்கி வெளுத்தே கிடந்தது. ஏதோ குறைகிறது என்று அவளுக்குப் பட்டது. சொன்னால் செண்பகம் சத்தம் போடுவாள். தணலைக் கூட்டி இன்னும் கொஞ்ச நேரம் விட்டாள். எடுத்தபோது தொட்டாலே பொருபொருவென்று உதிர்ந்தது.

இருவரும் சேலை மாற்றப் போனார்கள். தவமணி பாத்திரம் ஒதுங்கவைக்கும்போதுதான் பார்த்தாள். தம்ளரில் சர்க்கரை அளந்தபடியே இருந்தது. ஆறிய வர்க்கி ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். உப்பு மட்டும் தெரிந்தது.

மறுபடி சுட நேரமில்லை. அதே சர்க்கரையை ஏலக்காயோடு பொடித்து, மிச்ச வெண்ணெயில் கொட்டி, வெளுத்துப் பொங்கும்வரை அடித்து, ஒவ்வொன்றின் மேலும் தடவினாள்.

"என்னடி இது?" என்றாள் திரும்பி வந்த செண்பகம்.

"சும்மா, அழகுக்குக்கா."

"உள்ளயும் இனிப்பு, மேலயும் இனிப்பு. திகட்டாம இருந்தாச் சரி."

பால்வாடியில் ஹெலன் டீச்சர் ஒன்றைத் தின்றார். இன்னொன்றையும் எடுத்தார். "இந்தத் தட்டுதான் ஜெயிச்சது. அடுக்கு நல்லாப் பிரியுது, வேக்காடும் பிரமாதம். ஆனா உள்ள சர்க்கரையே போடாம, இனிப்பை மேல மட்டும் வெச்சீங்க பாருங்க, அதுதான் ருசி. யார் யோசனை?"

"உள்ள சர்க்கரை இல்லையா?" என்றாள் செண்பகம். ராசாத்தி தரையைப் பார்த்தாள்.

'என் யோசனை' என்று சொன்னால் போதும், ஓவன் தவமணிக்கு. அவள் டீச்சரை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"யோசனை இல்லீங்க டீச்சர். சர்க்கரை போட மறந்துட்டேன். கிள்ளித் தின்னு பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதான் மேல தடவினேன்."

"படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வெச்சியாடி?" என்றாள் செண்பகம்.

"வெளுத்திருந்தப்பவே நெனச்சேன்" என்று முனகினாள் ராசாத்தி.

"நெனச்சவ சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செண்பகம் டீச்சரிடம் திரும்பினாள். "அடுக்கு இல்லன்னா அது வர்க்கியே இல்ல. ஓவன் எனக்குத்தான்." ராசாத்தியும் விடவில்லை. "நான் கூடக் கொஞ்சம் விடலன்னா வெறும் பச்சை மாவு. எனக்குத்தான்."

"நீ கேக்கலையா?" என்றார் டீச்சர்.

"பிள்ளையை விட்டுட்டுத் தேயிலைக் காட்டுக்குப் போக மனசு வரல. கேக்கத்தான் ஆசை. தப்பு பண்ணிட்டு எப்படிங்க கேக்கிறது?" என்றாள் தவமணி.

இனி நீங்கள் சொல்லுங்கள். செண்பகத்தின் வேலையில் ஒரு குறையும் இல்லை. ராசாத்தி குறையைக் கண்டாள், நெருப்பால் சரிக்கட்டினாள், சொல்லவில்லை. தவமணி மறந்தாள், கட்டளையை மீறினாள், அழகுக்கு என்று மறைத்தாள், கேட்ட இடத்தில் ஒத்துக்கொண்டாள். டீச்சர் முதலில் சொன்னதை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்: ஓவன் யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

விடை: கைப்பக்குவத்துக்குத்தான் பரிசு என்றால் செண்பகமும் ராசாத்தியும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். டீச்சர் தேடியது பிள்ளைகள் வாயில் போவதற்குப் பொறுப்பாக ஓர் ஆளை. அந்தத் தட்டு வீட்டை விட்டுப் போகுமுன் அதைத் தன் வாயில் வைத்துப் பார்த்தவள் ஒருத்திதான். ஒத்துக்கொண்டால் ஓவன் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே ஒத்துக்கொண்டவளும் அவள்தான். ஓவன் தவமணி வீட்டுக்குப் போனது. செண்பகம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மாவு மடிக்கத் தானே வந்தாள். முதல் தட்டு வெளியே வந்ததும், யாரும் சொல்லாமலே, ஒன்றை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.